விதைநெல்லைக் காக்கிறாரா கிரெய்க் ஃபுல்டன்?

சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கில் டிசம்பர் 10 அன்று நடந்த ஆட்டத்தை ஹாக்கி ரசிகர்கள் நெடுநாள் மறக்க மாட்டார்கள். இளையோர் உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்கான போட்டி அது. மூன்று கால் பகுதிகள் முடிந்தபோது இந்தியா 0–2 என அர்ஜென்டீனாவிடம் பின்தங்கியிருந்தது. கடைசி 11 நிமிடங்களில் நான்கு கோல்கள் விழுந்தன. 4–2 என்று வெற்றி. 2016-இல் லக்னோவில் கோப்பையை வென்ற பிறகு, 2021-இலும் 2023-இலும் நான்காம் இடத்தோடு திரும்பிய இளையோர் அணிக்கு ஒன்பது ஆண்டுகளில் கிடைத்த முதல் பதக்கம் இந்த வெண்கலம்.

ஆரவாரம் அடங்குமுன்பே ஒரு கேள்வி எழுந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரை மூத்தோர் அணியில் பார்க்கப் போகிறோம்? அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன் இளம் வீரர்களை வளர்க்கிறாரா, அல்லது தேர்ந்த மூத்தவர்களைக் கொண்டு பதக்கங்களை எண்ணிக்கொண்டிருக்கிறாரா?

விளையாட்டு விமர்சகர்கள் இதற்குச் சொல்லும் விடைகள் பெரும்பாலும் அவரவர் விருப்பு வெறுப்பின் எதிரொலியாகவே இருக்கின்றன. அணி வென்றால் அவர் தொலைநோக்காளர். தோற்றால் கிழடுதட்டிய அணியைக் கட்டிக்கொண்டு அழுபவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்த எனக்கு இது அடிப்படையில் முதலீடு பற்றிய கேள்வியாகத் தெரிகிறது. இன்றைய நுகர்வா, நாளைய விளைச்சலா என்ற பழைய கேள்விதான். உழவர் மொழியில் சொன்னால், களத்துமேட்டில் குவிந்திருக்கும் நெல்லில் எவ்வளவை உண்பது, எவ்வளவை விதைக்கென்று கோட்டை கட்டி வைப்பது என்பதே விஷயம்.

முதலில் ஃபுல்டனுக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த அவர், தம் நாட்டுக்காக 1996, 2004 ஒலிம்பிக்குகளில் ஆடியவர். அயர்லாந்து ஆடவர் அணியை 2016 ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெறச் செய்தார். அந்த அணி அதற்குமுன் ஒலிம்பிக்கில் ஆடியது 1908-இல். டோக்கியோவில் தங்கம் வென்ற பெல்ஜியம் அணியின் துணைப் பயிற்சியாளராகவும் இருந்தார். 2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியா காலிறுதிக்குக்கூட முன்னேற முடியாமல் போக, ஆஸ்திரேலியரான கிரஹாம் ரீட் பதவி விலகினார். அந்த இடத்துக்கு அவ்வாண்டு மார்ச்சில் ஃபுல்டன் அமர்த்தப்பட்டார். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம், பாரீஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம், மறுபடியும் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை, கடந்த செப்டம்பரில் ராஜ்கிரில் ஆசியக் கோப்பை. 1968, 1972-க்குப் பிறகு அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளில் இந்திய ஹாக்கி அணி பதக்கம் வென்றது இப்போதுதான். அறுவடை சிறப்பாக நடந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த வயலில் விதைத்தவர் யார்?

பாரீஸ் சென்ற 16 பேரில் ஐவர் ஒலிம்பிக்குக்குப் புதியவர்கள்: ஜர்மன்பிரீத் சிங், சஞ்சய், ராஜ்குமார் பால், அபிஷேக், சுக்ஜீத் சிங். ஐந்து புதுமுகங்கள் என்பது பெரிய எண்ணிக்கை. ஃபுல்டனின் ஆதரவாளர்கள் இதைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பட்டியலைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஜர்மன்பிரீத் இந்தியாவுக்கு முதன்முதலாக ஆடியது 2018-இல். ராஜ்குமார் 2020-இல். அபிஷேக்கும் சுக்ஜீத்தும் 2022 பிப்ரவரியில். ஆக, ஐவரில் குறைந்தது நால்வர் ஃபுல்டன் பெங்களூரு முகாமுக்கு வந்து சேருமுன்பே இந்தியச் சீருடை அணிந்துவிட்டார்கள். அவர் செய்தது பதியன்களைத் தேர்ந்தெடுத்து நீர் பாய்ச்சியது. அதுவும் சிறிய வேலையன்று. ஆனால் விதைப்பு வேறு.

நீர் பாய்ச்சிய நேர்த்திக்கு ஒரு சான்று சொல்லியாக வேண்டும். பாரீஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக இரண்டாம் கால் பகுதியின் தொடக்கத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மீதமிருந்த 40 நிமிடங்களுக்கும் மேலாக இந்தியா பத்துப் பேருடன் ஆடியது. ஆட்டம் 1–1 எனச் சமனாகி ஷூட்-அவுட் வந்தது. இந்தியாவுக்காக கோல் அடித்த நால்வர் ஹர்மன்பிரீத், சுக்ஜீத், லலித், ராஜ்குமார் பால். நாட்டின் பதக்க வாய்ப்பு ஒற்றை நூலில் தொங்கிய நேரத்தில் நான்கில் இரண்டு வாய்ப்புகளை முதல் ஒலிம்பிக் ஆடும் வீரர்களிடம் ஒப்படைத்திருக்கிறார். வெற்றியை உறுதிசெய்த கடைசி அடி ராஜ்குமாருடையது. இளையவர்களை நம்பாத ஒருவர் இப்படிச் செய்ய மாட்டார். எனவே 'ஃபுல்டனுக்கு இளம் வீரர்கள் என்றாலே ஆகாது' என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

வளர்ச்சியை எப்படி அளப்பது?

ஓர் இளம் வீரர் வளர்க்கப்படுகிறார் என்பதற்கு அடையாளமாக நாம் எண்ணுவது அறிமுகங்களை. இத்தனை பேருக்கு முதல் வாய்ப்பு அளித்தார் என்று செய்தி வரும். முதல் வாய்ப்பு மலிவானது. எளிய எதிரணிக்கு எதிராக, வென்றுவிட்ட ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் ஒரு பையனைக் களமிறக்குவதில் பயிற்சியாளருக்கு இழப்பு எதுவுமில்லை. விலை உயர்ந்தது பத்தாவது வாய்ப்பும் இருபதாவது வாய்ப்பும். அதுவும் முந்தைய ஆட்டத்தில் அவர் தவறு செய்து கோல் வாங்கிக் கொடுத்த பிறகு தரப்படும் வாய்ப்பு.

இதற்கு நம் கண்முன் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2023 ஆகஸ்டில் இதே எழும்பூர் அரங்கில், அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராக கோல் அடித்தார். அரங்கமே எழுந்து நின்றது. ஓராண்டுக்கு முன் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், கோவில்பட்டியின் மாரீஸ்வரனுடன் சேர்ந்து இந்திய அணியில் இடம்பிடித்தவர் அவர். தமிழ்நாட்டு ஹாக்கிக்கு நெடுங்காலத்துக்குப் பின் வந்த நம்பிக்கை. அடுத்த மாதம் ஹாங்சோவுக்குச் சென்ற அணியில் கார்த்தி இல்லை. பாரீஸ் அணியிலும் இல்லை. அவரைச் சேர்த்திருக்க வேண்டும் என்று வாதிடுவது என் நோக்கமன்று. முன்களத்தில் அவரைவிடத் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். மண்ணின் மைந்தர் என்பதற்காக ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது விளையாட்டுக்கும் அழகன்று, அவருக்கும் அழகன்று. நான் கேட்பது, அந்த அரையிறுதிக்கும் அடுத்த பெரிய வாய்ப்புக்கும் இடையில் 20 வயதை ஒட்டிய ஒரு முன்கள வீரர் கற்றுக்கொள்வதற்கு எந்த மேடை இருந்தது என்பது.

இந்த இடைவெளியின் அளவைக் காட்ட ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2016-இல் லக்னோவில் கோப்பை வென்ற இளையோர் அணியிலிருந்து ஹர்மன்பிரீத், மன்தீப், வருண் குமார், சுமித், நீலகண்ட சர்மா, சிம்ரன்ஜீத், குர்ஜந்த் ஆகிய ஏழு பேர் டோக்கியோ ஒலிம்பிக் அணியில் இருந்தார்கள். ஜெர்மனிக்கு எதிரான வெண்கலப் பதக்க ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்த சிம்ரன்ஜீத் முதலில் மாற்று வீரராகத்தான் தேர்வானவர். பெருந்தொற்றுக் கால விதித் தளர்வு அவரைக் களத்துக்குள் கொண்டுவந்தது. (அந்த இளையோர் அணியின் தலைவர் ஹர்ஜீத் சிங்கின் வாழ்க்கை திரைப்படமானது, ஆனால் அவருக்கு ஒலிம்பிக் வாய்ப்பு வரவேயில்லை. கோப்பையைத் தூக்கிய கை எது என்பதை வைத்து எதையும் ஊகிக்க முடியாது.)

இனி 2021 டிசம்பரில் புவனேஸ்வரத்தில் நான்காம் இடம் பெற்ற இளையோர் அணியைப் பாருங்கள். அதிலிருந்து பாரீஸ் சென்றவர்கள் இருவர்: விவேக் சாகர் பிரசாத், சஞ்சய். அதிலும் விவேக் சாகர் ஏற்கெனவே டோக்கியோவில் பதக்கம் வென்றவர். எனவே புதிதாகத் தேறியவர் சஞ்சய் ஒருவரே. இரண்டரை ஆண்டு இடைவெளியை ஐந்தாண்டு இடைவெளியோடு ஒப்பிடுவது முறையாகாது என்று யாரேனும் சொன்னால், அது சரியான ஆட்சேபம். அப்படியானால் கடந்த செப்டம்பரில் ஆசியக் கோப்பை ஆடிய அணியை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதே இருவர்தான்.

அந்த ஆசியக் கோப்பை அணியின் 18 பேரில் பன்னிருவர் பாரீஸில் ஆடியவர்கள்; கிருஷன் பாதக்கும் ஜுக்ராஜும் பாரீஸில் மாற்று வீரர்களாக இருந்தவர்கள். தில்பிரீத் டோக்கியோ பதக்கக்காரர். சூரஜ் கர்கேராவும் ஷிலானந்த் லக்ராவும் முன்பே வந்துபோனவர்கள். உண்மையிலேயே புதியவர் என்று சொல்லத்தக்கவர் நடுகளத்தில் ஆடிய ரஜிந்தர் சிங் ஒருவர்.

2028-இல் இவர்களுடைய வயது என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. பெனால்டி கார்னரில் இந்தியாவின் முதல் ஆயுதமாகவும் பாரீஸில் பத்து கோல்கள் அடித்து எல்லோருக்கும் முதலிடத்தில் நின்றவராகவும் உள்ள ஹர்மன்பிரீத்துக்கு லாஸ் ஏஞ்சலஸில் 32 நிறைந்திருக்கும். மன்தீப்புக்கு 33. அமித் ரோஹிதாஸுக்கு 35. இந்த ஆண்டு 400-ஆவது சர்வதேச ஆட்டத்தைக் கடந்த மன்பிரீத்துக்கு 36. ஹாக்கியில் 36 வயது அசாத்தியமில்லை. ஆனால் நால்வரும் ஒரே நேரத்தில் முதுமையை வெல்வார்கள் என்று திட்டமிடுவது, மழை பொய்க்காது என்று நம்பிக் கிணற்றைத் தூர்த்துவிடுவது போன்றது.

பெல்ஜியம் இதற்கு நல்ல பாடம். 1976-க்குப் பிறகு 2008 வரை ஒலிம்பிக்குக்கே வராத நாடு அது. இளையோர் பயிற்சியில் பொறுமையாக முதலிட்டு, ஒரு தலைமுறை வீரர்களை ஒன்றாகவே வளர்த்து, 2016-இல் வெள்ளி, 2018-இல் புவனேஸ்வரத்தில் உலகக் கோப்பை, டோக்கியோவில் தங்கம் என்று உச்சிக்குப் போனது. அதே தலைமுறையையே பெரிதும் நம்பி பாரீஸுக்கும் வந்தது. காலிறுதியில் ஸ்பெயினிடம் 2–3 எனத் தோற்று வீடு திரும்பியது. அந்த எழுச்சியை உள்ளிருந்து பார்த்தவர் ஃபுல்டன். அந்தச் சரிவும் அவர் கண்ணில் படாமலிருக்க வாய்ப்பில்லை.

நட்டவர் உண்பதில்லை

பின் ஏன் அவர் புதியவர்களை விதைப்பதில் இத்தனை சிக்கனம் காட்டுகிறார்? மனித மூலதனம் பற்றி 1964-இல் எழுதிய கேரி பெக்கர் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். எங்கும் பயன்படும் பொதுத் திறனை ஒரு தொழிலாளிக்குக் கற்றுக்கொடுக்கும் செலவை முதலாளி ஏற்கத் தயங்குவார். ஏனெனில் கற்றவர் வேறிடம் போய்விட்டால் பலன் அங்கே போய்விடும். பயிற்சியாளரின் நிலைமை இதைத் தலைகீழாக்கியது. இங்கே வீரர் எங்கும் போவதில்லை, பயிற்சியாளர்தான் போய்விடுகிறார். இன்று ஒரு பத்தொன்பது வயதுப் பையனை ஆட வைத்துத் தோற்கும் செலவு இவருடையது. ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பையன் அடிக்கும் கோல் வேறொருவரின் கணக்கில் வரும்.

இந்திய ஹாக்கியின் வரலாறு இதற்கான சான்றுகளால் நிறைந்திருக்கிறது. 2013 அக்டோபரிலிருந்து 2019 ஜனவரி வரை டெரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலன்ட் ஓல்ட்மன்ஸ், ஷோர்ட் மரின், ஹரேந்திர சிங் என்று ஐந்து பேர் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் அமர்ந்து எழுந்தார்கள். வான் ஆஸ் நீடித்தது சில மாதங்கள். அந்தச் சில மாதங்களுக்குள், 2015 மே மாதம், ஜப்பானுக்கு எதிராக 19 வயது ஹர்மன்பிரீத் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடினார். ஜூலையில் வான் ஆஸ் இல்லை. மரினும் ஆடவர் அணியில் ஓராண்டை நிறைவுசெய்யவில்லை. ஆனால் 2018 ஜனவரியில் அவர் பொறுப்பில் இருந்தபோது 17 வயதில் களமிறங்கியவர் விவேக் சாகர். பாரீஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற அணியின் தலைவரும் நடுகளத் தூணும் இப்படி விதைக்கப்பட்டவர்கள். விதைத்தவர்களின் பெயர் இன்று எத்தனை பேர் நினைவில் இருக்கிறது?

என் துறையிலும் இதே கதைதான். நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், பல்கலைக்கழகத் தரவரிசை இறுதியாண்டுத் தேர்வு முடிவுகளைக் கொண்டே தீர்மானிக்கப்பட்ட காலத்தில், அனுபவமிக்க பேராசிரியர்கள் அனைவரும் இறுதியாண்டு வகுப்புகளுக்கு ஒதுக்கப்பட்டனர். முதலாண்டு மாணவர்கள் மணிக்கணக்கில் ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்களிடம் விடப்பட்டார்கள். முடிவெடுத்த முதல்வர் கெட்டவர் அல்லர். அவரை எதைக் கொண்டு அளந்தார்களோ அதைச் செய்தார்.

ஃபுல்டனும் அவ்வாறே அளக்கப்படுகிறார். கடந்த ஜூனில் புரோ லீக்கின் ஐரோப்பியச் சுற்றில் இந்தியா அடுத்தடுத்து ஏழு ஆட்டங்களில் தோற்றபோது என்ன கூச்சல் எழுந்தது என்பதை நினைவுகூருங்கள். அந்த ஏழில் ஆறு, ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றவை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். ஒன்பதாவதாக வந்த அயர்லாந்து கீழிறக்கப்பட்டது. அடுத்து வந்த ஆசியக் கோப்பையோ உலகக் கோப்பைக்கான நுழைவுச்சீட்டு. தோல்விக்கு இத்தனை விலை வைத்திருக்கும் அட்டவணையில் ஒருவரைப் பரிசோதனை செய்யச் சொல்வது எளிது. செய்து பார்ப்பது எளிதன்று.

அவருடைய ஆட்டமுறையும் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. தற்காத்து வெல்வது என்பதே அவர் வெளிப்படையாகச் சொல்லிவரும் கொள்கை. எதிரணி பந்தைச் சுழற்றும்போது பதினொருவரும் ஒரே உடலாக நகர வேண்டிய முறை அது. இதில் தனித்திறனைவிடக் கூட்டுப் பழக்கமே பெரிது. ஜர்மன்பிரீத் எந்தக் கணத்தில் முன்னேறுவார் என்பது ஹர்மன்பிரீத்துக்குச் சொல்லாமலே தெரிய வேண்டும். இத்தகைய ஏற்பாட்டில் ஒரு புதியவரைப் பொருத்துவது, தாக்குதல் ஆட்டத்தில் ஒரு துடிப்பான முன்கள வீரரைச் சேர்ப்பதைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும். எனவே தெரிந்த முகங்களையே நாடுவது இயல்பு. இயல்பானது என்பதால் அது சரியாகிவிடாது. தற்காப்பு முறைக்குப் பழக்கம் தேவை என்றால், அந்தப் பழக்கத்தை மற்றவர்களைவிடச் சீக்கிரம் தொடங்க வேண்டியவரும் அவர்தானே?

அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது அநீதி. இந்த ஆண்டு இந்திய 'ஏ' அணி ஐரோப்பாவில் ஆடியது. நவம்பரில் சுல்தான் அஸ்லான் ஷா கோப்பைக்கு ஹர்மன்பிரீத், மன்பிரீத், ஹர்திக் போன்றோருக்கு ஓய்வளித்து, சஞ்சய் தலைமையில் இளையோர் மிகுந்த அணியை அனுப்பினார்கள். அது இறுதி வரை சென்று பெல்ஜியத்திடம் 0–1 எனத் தோற்றது. என் பார்வையில், ஆசியக் கோப்பை வெற்றியைவிட அந்தத் தோல்வி மதிப்புமிக்கது. ஒரு கோல் பின்தங்கிய நிலையில் பெல்ஜியத்தின் தற்காப்பைக் கடைசி நிமிடங்களில் எதிர்கொள்ளும் அனுபவத்தை எந்த முகாமும் தர முடியாது.

கோல்கீப்பர் விஷயத்தில் இந்திய அணி நிர்வாகம் ஒருமுறை இதைச் சரியாகவே செய்தது. 2006-இல் அறிமுகமான ஸ்ரீஜேஷ், ஏட்ரியன் டிசூசா, பரத் சேத்ரி ஆகியோரின் நிழலில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து இடம்பிடித்தவர். அவருக்குப் பின் வருபவருக்கு அந்தக் காத்திருப்பு நேரவில்லை. கால் பகுதிக்கு ஒருவராக ஸ்ரீஜேஷும் பாதக்கும் மாறி மாறி நின்ற ஆட்டங்கள் நமக்கு நினைவிருக்கும். உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரை வெளியே அமர்த்திவைக்கிறார்களே என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. பாரீஸ் வெண்கலத்தோடு ஸ்ரீஜேஷ் விடைபெற்றபோது பாதக் நூற்றுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களின் அனுபவத்தோடு தயாராக நின்றார். ஓரிரு கோல்களின் விலையில் வாங்கப்பட்ட காப்பீடு அது. அந்த முறை ஏன் டிராக் ஃபிளிக்கில் இல்லை? ஹர்மன்பிரீத் களத்தில் இருக்கும்வரை பெனால்டி கார்னர் அவருடையது. அவர் காயமடைந்தாலோ ஓய்வெடுத்தாலோதான் ஜுக்ராஜுக்கும் சஞ்சய்க்கும் முதல் உரிமை கிடைக்கிறது. இளையோர் அணியில் ஷர்தானந்த் திவாரி, அன்மோல் எக்கா, அணித் தலைவர் ரோஹித் என்று அந்தக் கலையில் தேறிவருவோர் இருக்கிறார்கள். உயிரைக் கொடுத்து ஓடிவரும் தடுப்பாளர்களுக்கு எதிரே அடித்துப் பழகாதவரை அவர்கள் தேறிவருவோராகவே இருப்பார்கள்.

ஸ்ரீஜேஷைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விளையாடி ஓய்ந்த கையோடு இளையோர் அணியின் பயிற்சியாளரான அவர், 2024-இல் மஸ்கட்டில் பாகிஸ்தானை 5–3 என வென்று இளையோர் ஆசியக் கோப்பையைப் பெற்றுத்தந்தார். அந்த இறுதியில் அரைஜீத் சிங் ஹுண்டல் நான்கு கோல்கள் அடித்தார். இப்போது இந்த வெண்கலம். இளையோர் அணி மோசமாக இருக்கிறது, அதனால்தான் மேலே எடுக்க முடியவில்லை என்ற சாக்கு இனி செல்லாது. அதே வேளையில் சென்னை அரையிறுதியில் ஜெர்மனி நம்மை 5–1 எனப் புரட்டிப்போட்டதையும் மறக்கலாகாது. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் 18 வயதுப் பையன் பருவம் முழுவதும் வாரந்தோறும் கிளப் ஆட்டங்களில் ஒலிம்பிக் வீரர்களை எதிர்த்து ஆடுகிறான். நம் பையன்கள் ஆண்டில் பெரும்பகுதியை முகாமில், தங்களுக்குள்ளேயே ஆடிக் கழிக்கிறார்கள். ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின் உயிர்பெற்ற ஹாக்கி இந்தியா லீக், ஒவ்வோர் அணியிலும் நான்கு இளையோரைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் அணியில் சேர்ப்பதற்கும் ஆட வைப்பதற்கும் உள்ள தூரத்தை அது தொடவில்லை. ஏலத்தில் எடுத்துப் பெஞ்சில் அமர்த்தினால் விதி நிறைவேறிவிடுகிறது.

2026 நமக்கு ஒரு வினோதமான வாய்ப்பைத் தருகிறது. ஆகஸ்ட் 15 முதல் 30 வரை நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் உலகக் கோப்பை. மூன்றே வாரங்களில் ஜப்பானில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதில் தங்கம் வென்றால் லாஸ் ஏஞ்சலஸுக்கு நேரடித் தகுதி. இரண்டுக்கும் அதே 18 பேரைப் பிழிந்தெடுப்பது உடலுக்கு ஆகாது. எனவே எங்கே யாரை அனுப்புவது என்ற தேர்வு தவிர்க்க முடியாதது. பொதுப்புத்தி சொல்வது இது: உலகக் கோப்பை கடினம், அங்கே மூத்தவர்கள், ஆசியப் போட்டி எளிது, அங்கே இளையவர்கள். நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். கடினமான தேர்வு வேறு, தோற்றால் இழப்பு பெரிதாகும் தேர்வு வேறு. உலகக் கோப்பையில் ஐந்தாவதாக வந்தாலும் எட்டாவதாக வந்தாலும் இந்திய ஹாக்கிக்கு மனவருத்தத்தைத் தவிர வேறு இழப்பில்லை. ஆசிய விளையாட்டில் தங்கத்தைத் தவறவிட்டால் ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நெரிசலில் போய் நிற்க வேண்டும். கற்றல் மிகுதியாகவும் தண்டனை குறைவாகவும் உள்ள இடம் உலகக் கோப்பைதான். அங்கே 23 வயதுக்கு உட்பட்ட ஆறேழு பேரை, ஓரத்தில் அமர்த்துவதற்காக அல்லாமல் ஆடுவதற்காகவே, அழைத்துச் செல்லலாம்.

இதைச் சொன்னால் ரசிகர்கள் சீறுவார்கள் என்பது எனக்குத் தெரியும். 1975-இல் கோலாலம்பூரில் வென்ற பிறகு ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கோப்பை நம் கைக்கு வரவில்லை. இந்த அணிதான் அதை மீட்கும் என்று நம்புவோர் பலர். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஃபுல்டன் அவ்வாறு செய்யத் துணிந்தால், அதற்கான அரசியல் விலையை அவர் தனியாகச் செலுத்தும்படி விடக்கூடாது. 2018 முதல் இந்த அணிகளின் புரவலராக நிற்கும் ஒடிசா அரசும், பொதுப்பணம் பெறும் ஹாக்கி இந்தியாவும் நெடுங்காலக் கணக்கை வைத்திருப்பவை. பயிற்சியாளர் வைத்திருப்பது குறுகிய காலக் கணக்கு. நெடுங்காலக் கணக்குள்ளவர்கள் தங்கள் எதிர்பார்ப்பை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். 2026-இல் எத்தனை பதக்கம் என்ற வரியோடு, 2028-க்குள் எத்தனை இளையோர் முதல்நிலை அணிகளுக்கு எதிராக எத்தனை நிமிடங்கள் ஆடியிருக்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

நிமிடக் கணக்கை வெளியிடுவதில் சிரமம் எதுவுமில்லை. ஒவ்வொரு வீரரும் இடுப்புக்கு மேலே கருவி பொருத்திய உள்ளாடையோடு ஓடும் காலம் இது. யார் எத்தனை நிமிடம் களத்தில் இருந்தார், எந்தக் கால் பகுதியில் இருந்தார் என்பதெல்லாம் பயிற்சியாளரின் மடிக்கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. பிப்ரவரியில் இந்தியாவுக்கு மீண்டும் தொடங்கும் புரோ லீக் ஆட்டங்களிலிருந்து அதைப் பொதுவெளியில் வையுங்கள். நான்காம் கால் பகுதியில், ஆட்டம் சமனில் இருக்கும்போது, ரஜிந்தர் எத்தனை நிமிடம் களத்தில் இருந்தார்? ஹுண்டல் எத்தனை நிமிடம்? ஹர்மன்பிரீத் களத்தில் நிற்கும்போதே பெனால்டி கார்னரை அடிக்க வேறொருவர் எத்தனை முறை அழைக்கப்பட்டார்? பாதக் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் நாளிலும் இரண்டாவது கோல்கீப்பருக்கு ஒரு கால் பகுதி தரப்பட்டதா? ஜூன் இறுதியில் இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஃபுல்டனைப் பற்றிய கேள்விக்கு விடை காண அவருடைய ஆதரவாளர்களோ எதிர்ப்பாளர்களோ நமக்குத் தேவைப்பட மாட்டார்கள்.